பனியில் சறுக்கினால் படிப்பும் சறுக்குமா?

பேரன் விருப்பப் பட்டியலில் இமாசலத்து மண்டி ஐ.ஐ.டி.யை முதலில் போட்டுவிட்டான். "மணாலி பக்கம் சோலாங்கில் பனிச்சறுக்கு கத்துக்கலாம் தாத்தா" என்கிறான். வீட்டில் ரகளை: "படிக்கப் போறானா, சறுக்கப் போறானா?"

ஓசூர்க் குளிரை 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெருமை பேசும் நாமா இப்படிக் கேட்பது? சிப்காட்டுக்குப் பக்கம், பெங்களூருக்குப் பக்கம் என்று கல்லூரி பார்த்தால் சாமர்த்தியம். மலைக்குப் பக்கம் என்றால் ஊதாரித்தனமா?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் கிரெனோபிள் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். 1968இல் அங்கே குளிர்கால ஒலிம்பிக். பனிச்சறுக்கில் கில்லி 3 தங்கம் வென்றார். அதே ஊரில் ஆராய்ச்சி செய்த லூயி நேயெல் 1970இல் இயற்பியல் நோபல் வாங்கினார். பனி யார் படிப்பைக் கெடுத்தது?

பாடப்பிரிவு பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள். பிடித்திருந்தால், நல்ல கம்பளி வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். கோப்புகளோடு இளமையைக் கழித்தவன் சொல்கிறேன்.