மேடை யாருடையது? பெயர்ப் புத்தகத்தைப் புரட்டுங்கள்!

மார்கழி பிறந்தால் மண்டபமெங்கும் மாநாடு, மாலைதோறும் கச்சேரி. யார் பாடுகிறார், எவர் பக்கவாத்தியம், முன்வரிசைச் சீட்டு என்ன விலை என்று ஏடுகள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. நாம் கேட்பது வேறு. அந்த மாநாட்டை நடத்தும் சங்கத்துக்கு உறுப்பினர் எத்தனை பேர்? அவர்கள் யார் யார்? அவர்கள் பெயர் எழுதிய புத்தகம் எவர் வீட்டுப் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது?

"இசையைப் பற்றிப் பேச வந்தவர்கள் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிறார்களே!" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. ஆம், கணக்குப்பிள்ளை வேலைதான்! மேடையில் எந்த மொழி ஒலிக்கும், எவர் அமர்வார், எவர் வாசலில் நிற்பார் என்பதெல்லாம் பாட்டு தொடங்கும் நேரத்தில் முடிவாவதில்லை. அதற்குப் பல திங்களுக்கு முன்பே, சங்கத்தின் செயற்குழுவில் முடிவாகிவிடுகிறது. அந்தச் செயற்குழுவைத் தேர்ந்தெடுப்பது பெயர்ப் புத்தகம். புத்தகத்தில் இல்லாத பெயருக்கு மேடையில் இடமில்லை.

"பகுத்தறிவு பேசும் உங்களுக்குத் தேவார மாநாடு எதற்கு? திருமுறை இசையைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை?" என்று இன்னொரு கேள்வி வரும். வரட்டும். பதில் இருக்கிறது. பாட்டின் பொருளில் நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்தப் பண் நம் முன்னோர் வளர்த்த பண். அந்த மொழி நம் மொழி. சம்பந்தரின் பாட்டுக்கு யாழ் இசைத்தவர் பாணர் குலத்தவர் என்று பெரியபுராணமே சொல்கிறது. பாணனும், ஓதுவானும், நாகசுரக்காரனும், தவில்காரனும் வியர்வை சிந்தி வளர்த்த செல்வம் அது. வயலுக்கு உரியவன் வரப்பில் நிற்பதா? அதுதான் நம் கவலை.

உறுப்பினர் புத்தகம் என்பது நேற்று வந்த புதுமையுமல்ல. தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் பாருங்கள். இராசராசன் காலத்துக் கல்வெட்டில், திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் முழக்க ஒருவர், ஆக 50 பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆடல் மகளிர் 400 பேரின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு எத்தனை கலம் நெல் என்பதும் கல்லில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பெயர்ப் பதிவேடு!

அதில் ஒரு குறையும் உண்டு. பணியில் இருந்தவர் இறந்தால் அவருடைய உறவினருக்கே அந்தப் பணி. பிறப்பு கொடுத்த இடம். வாக்கு கொடுத்த இடமல்ல. வேலை செய்தவருக்கு நெல் கிடைத்தது. கோயிலை ஆளும் உரிமை கிடைத்ததா? இல்லை. பெயர் எழுதியிருந்தால் மட்டும் போதாது, பெயருக்கு வாக்கும் வேண்டும் என்பது அந்தக் கல் நமக்குச் சொல்லும் பாடம்.

அதே தஞ்சையில், நம் காலத்துக்கு அருகில், இன்னொரு பெருமகன் தோன்றினார். ஆபிரகாம் பண்டிதர். பள்ளி ஆசிரியராயிருந்தவர், சித்த மருத்துவர், கிறித்தவர். சிலப்பதிகாரத்தில் புதைந்து கிடந்த இசை இலக்கணத்தைத் தோண்டி எடுத்தவர். 1912-இல் 'சங்கீத வித்தியா மகாசன சங்கம்' என்ற அமைப்பைத் தஞ்சையில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் மாநாட்டுக்கு மேல் மாநாடு கூட்டினார். வித்துவான்களை வரவழைத்தார், சுருதிகள் எத்தனை என்று வாதிட வைத்தார். 1916-இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டுக்கே சென்று தமிழிசையின் கணக்கை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அரசர் செய்ய வேண்டியதை ஒரு மருத்துவர் செய்தார்!

செலவு யாருடையது? பெரும்பாலும் அவருடையது. மருந்து விற்ற காசு மாநாட்டுப் பந்தலாயிற்று. 1919-இல் அவர் மறைந்தார். மாநாட்டு வரிசை அவரோடு நின்றது. நூல் நின்றது, பெயர் நின்றது, ஆண்டுதோறும் கூடும் அவை நிற்கவில்லை. ஏன்? ஒரு மனிதரின் மடியில் உட்கார்ந்திருந்த சங்கம், அந்த மனிதர் எழுந்து போனதும் சாய்ந்துவிட்டது. ஆயிரம் பேர் ஆளுக்குக் காலணா கொடுத்து நடத்தியிருந்தால் அந்தச் சங்கம் நூறாண்டு விழாக் கண்டிருக்கும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரசு மாநாடு நடந்தபோது, அதனோடு இசை மாநாடு ஒன்றையும் கூட்டினார்கள். பாடிக் கலைந்து போனார்களா? இல்லை! நிலையான அமைப்பு வேண்டுமென்று தீர்மானம் போட்டார்கள். 1928 ஆகஸ்டில் மியூசிக் அகாதெமி எழுந்தது. உறுப்பினர், குழு, ஆண்டு மாநாடு, காலையில் ஆராய்ச்சி, மாலையில் கச்சேரி என்று ஒழுங்காக வகுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் நமக்கு மாறுபாடு உண்டு. ஆனால் அமைப்புக் கட்டும் திறமையை மறைத்துப் பேசுவது நம் வழக்கமல்ல.

அந்தத் திறமையின் பயன் 1941-இல் தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் ராசா சர் அண்ணாமலை செட்டியார் கூட்டிய மாநாடு, தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்று கேட்டது. தமிழ்நாட்டில் தமிழ்! கேட்கவே வெட்கமாக இருக்கிறது, இதற்கு ஒரு மாநாடா என்று. ஆனால் அகாதெமியின் பதில் என்ன? மொழியைக் காரணம் காட்டி இசையின் தரத்தைக் குறைக்கக் கூடாது என்று அவ்வாண்டு டிசம்பரிலேயே தீர்மானம்! தமிழில் பாடினால் தரம் குறையுமாம். அவர்களால் அப்படித் தீர்மானம் போட முடிந்தது, அவர்களிடம் அவை இருந்தது. அவையில் வாக்கு இருந்தது. தமிழிசை அன்பர்களுக்கு அது உறைத்தது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்தது; 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களும் நடந்தன. கூக்குரல் மட்டும் போதாது, சங்கம் வேண்டும் என்று உணர்ந்ததன் விளைவு அது.

திருவையாற்றுக்கு வாருங்கள். தியாகராசர் நினைவு விழாவைப் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரு கூட்டம் தனித்தனியே நடத்தி வந்தன. கட்சிகள் இரண்டு, ஆனால் ஒன்றில் மட்டும் இரண்டுக்கும் ஒற்றுமை. பெண் அங்கே பாடக்கூடாது! பெங்களூர் நாகரத்தினம்மாள், தேவதாசிக் குலத்தில் பிறந்த இசையரசி, தம் சொத்தைக் கொட்டிச் சமாதிக் கோயிலை எழுப்பினார். கோயில் கட்டிய கைக்குப் பாடும் உரிமை இல்லை. அம்மையார் அழுது கொண்டு திரும்பினாரா? பெண்களைத் திரட்டினார், பெண்கள் கட்சி என்றே மூன்றாவது அணி கண்டார். பல்லாண்டு போராட்டத்துக்குப் பின் 1940-ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றாயின, பெண்ணும் மேடையேறினாள். கெஞ்சிப் பெற்றதல்ல, அணி திரட்டிப் பெற்றது.

ஆனால் தமிழ்? 1946-இல் அதே திருவையாற்றில் எம். எம். தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டைப் பாடினார். மேடை தீட்டாகிவிட்டது என்று பேச்சு எழுந்தது. 'தீட்டாயிடுத்து' என்றே தலைப்பிட்டு 'குடி அரசு' ஏட்டில் சாட்டையைச் சுழற்றினார் கலைஞர். பேனா தன் கடமையைச் செய்தது. விழாவை நடத்தும் சபையிலோ நம்மவர் பெயர் இல்லை.

சிதம்பரத்தையும் பாருங்கள். சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட ஆறுமுகசாமி ஓதுவார் எத்தனை ஆண்டு போராடினார்! அடிபட்டார், வழக்காடினார். கலைஞர் தலைமையிலான அரசு 2008 பிப்ரவரி 29-இல் ஆணையிட்டது. மார்ச் 2-இல் காவல் துறையின் பாதுகாப்போடு அந்த முதியவர் பாடினார். தமிழ்நாட்டில், தமிழ் மறை பாட, தமிழனுக்குப் போலீசு காவல்! அந்தக் கோயில் நிர்வாகத்தில் பங்கு பெறுவதற்கு என்ன தகுதி? தீட்சிதர் குலத்தில் ஆணாகப் பிறக்க வேண்டும். மணமும் முடித்திருக்க வேண்டும். 2014 சனவரியில் உச்சநீதிமன்றம் நிர்வாகத்தை அவர்களிடமே விட்டது. அந்தப் புத்தகத்தில் நம் பெயரை எழுத வழியில்லை. அங்கே சட்டத்தின் வழியேதான் போராட வேண்டும்.

ஆனால் நம் ஊரில் நாமே நடத்தும் தமிழிசைச் சங்கங்களின் கதவை எவர் அடைத்தார்? அங்கே ஏன் நம் பெயர் இல்லை? சங்கங்கள் நலிவது எப்படி என்று சொல்கிறோம். முதலில் ஆயுள் சந்தா என்று பெருந்தொகை வாங்குவார்கள். அந்தத் தொகையை அவ்வாண்டு மாநாட்டிலேயே பந்தலுக்கும் பொன்னாடைக்கும் செலவழிப்பார்கள். மறு ஆண்டு ஆயுள் உறுப்பினரிடம் கேட்க முடியாது, அவர்தாம் கட்டிவிட்டாரே! கையில் காசில்லை, புரவலர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். புரவலர் கொடுப்பார். கொடுத்த பின், யார் பாட வேண்டும் என்றும் அவரே சொல்வார். முன்வரிசை அவர் குடும்பத்துக்கு, பின்வரிசை உறுப்பினருக்கு, சுவரோரம் உழைப்பாளிக்கு. பொதுக்குழு கூடாது, கணக்கு வராது, இறந்தவர் பெயர் புத்தகத்தில் இருக்கும், இருப்பவர் பெயர் இருக்காது. பத்தாண்டில் சங்கம் ஒரு குடும்பச் சொத்தாகும். அல்லது ஒரு பெயர்ப் பலகையாகும்.

தோழர்களே! இந்த நோய்க்கு மருந்து உங்கள் கையில் இருக்கிறது. ரசீதுப் புத்தகம் உங்களுக்குப் புதிதா? கிளைக் கழகம் தொடங்கி வட்டம், மாவட்டம் என்று உறுப்பினர் சேர்த்தவர்கள் நீங்கள். ஆலை வாசலில் சந்தா வாங்கித் தொழிற்சங்கம் நடத்தியவர்கள் நீங்கள். வரவேற்புக் குழு அமைத்து, வீடு வீடாக ஏறி இறங்கி, இலட்சம் பேருக்குப் பந்தல் போட்டவர்கள் நீங்கள். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கை ஊர்த் தமிழிசைச் சங்கத்துக்குக் கொடுங்கள்.

என்ன செய்ய வேண்டும்? ஆண்டுச் சந்தா ஓர் உழைப்பாளி தயங்காமல் எடுத்துக் கொடுக்கக்கூடிய தொகையாக இருக்கட்டும். வாங்கிய அன்றே ரசீது, அடிக்கட்டை சங்கத்தில். புத்தகத்தில் பெயர், முகவரி, சேர்ந்த நாள், சந்தா முடியும் நாள். மாநாட்டுக்கு மூன்று திங்கள் முன்பே புதுப்பிக்கும் வேலை தொடங்க வேண்டும். மாநாட்டு வாசலில் மேசை போட்டுக் கூட்டத்தில் தள்ளாடுவது வேலையல்ல. ஆயுள் சந்தா வந்தால் வங்கியில் போடுங்கள்; வட்டியை மட்டும் தொடுங்கள். ஆயிரம் கொடுத்தவருக்கும் இலட்சம் கொடுத்தவருக்கும் ஒரே வாக்கு. பெண்கள் செயற்குழுவில் இருக்கட்டும், விளக்கேற்றி வைக்க மட்டும் அழைக்காதீர்கள். ஓதுவாருக்கும் நாகசுரக் கலைஞருக்கும் தவில் கலைஞருக்கும் பேசிய தொகையை அன்றிரவே கையில் கொடுங்கள். பாட்டுக்காரருக்கு உள்ள இருக்கையும் மரியாதையும் அவர்களுக்கும் உண்டு. மாநாடு முடிந்ததும் வரவு செலவை அச்சிட்டு ஒவ்வோர் உறுப்பினர் வீட்டுக்கும் அனுப்புங்கள்.

சங்கமே இல்லாத ஊரா? ஏழு பேர் கூடினால் போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 வழி காட்டுகிறது. உறுப்பினர் பதிவேடும் கணக்கும் ஆண்டுப் பொதுக்குழுவும் அந்தச் சட்டமே கேட்பவை. ஊருக்கு ஏழு பேர் இல்லையா நம்மிடம்?

மேடையில் என்ன பாடுவது? தமிழில் பாடினால் மட்டும் போதுமா, பாட்டின் பொருள் அறிவுக்கு உகந்ததா என்று தந்தை பெரியார் அன்றே கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. சமய இசை மாநாடு என்றால் ஒரு சமயத்தின் குத்தகை என்று எவர் சொன்னது? தேவாரமும் திருவாய்மொழியும் ஒலிக்கும் மேடையில் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடலும், தஞ்சை வேதநாயக சாத்திரியாரின் கிறித்தவப் பாடலும், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனையும் ஒலிக்கட்டும். பண்டிதரின் வழி அது. தமிழ் எல்லோரையும் சேர்த்து வைக்கும். பிரித்து வைப்பவர் வேறு ஆட்கள்.

2021 ஆகஸ்டில் கோயிலில் ஓதுவாராகப் பெண்ணும் பணியமர்த்தப்பட்டார். நாகரத்தினம்மாளுக்கு மறுக்கப்பட்ட வாசல் அங்கே கொஞ்சம் திறந்தது. அரசு ஆணை கதவைத் திறக்கும். திறந்த கதவு மூடாமல் காக்க உள்ளே ஆள் வேண்டும். ஆள் என்றால் பெயர். பெயர் என்றால் சந்தா. சந்தா என்றால் வாக்கு.

ஆகவே இந்த மார்கழியில், சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் முன், உங்கள் ஊர்ச் சங்கத்துக்குச் செல்லுங்கள். உறுப்பினர் புத்தகத்தைக் கேளுங்கள். காட்டினால், உங்கள் பெயரை எழுதுங்கள்; உங்கள் தெருவிலிருந்து இன்னும் பத்துப் பெயரை எழுதுங்கள். காட்ட மறுத்தால், ஏன் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கற்றுக் கொடுத்த இயக்கமல்லவா நம் இயக்கம்!