தொழிலும் சீனமொழியும்

உயர்தரப் பரீட்சையை முடித்த மாணவருட் சிலர், மேற்படிப்பை நாடாது கடல் கடந்து சென்று, யாதேனுமொரு தொழில் செய்துகொண்டே சீனமொழியைக் கற்க விரும்புகின்றனர். இவ்விருப்பம் பழித்தற்குரியதன்று. 2014ஆம் ஆண்டிலே தொடங்கிய கொழும்புத் துறைமுக நகர வேலையைச் சீன நிறுவனம் ஒன்றே மேற்கொண்டது. அம்பாந்தோட்டைத் துறைமுகமும் 2017ஆம் ஆண்டிலே 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனம் ஒன்றின் பாற் சென்றது. சீனம் அறிந்தோர்க்கு நல்ல தொழில் வாய்க்கும் என்று இளைஞர் எண்ணுதல் இயல்பே. ஆயின், "அங்கே சென்று வேலை செய்தாற் போதும், மொழி தானே வந்துவிடும்" என்று அவர்கள் கூறுகின்றார்களே, அக்கூற்றே ஆராய்தற்குரியது.

முதற்கண், கற்க விழையும் மொழியின் இயல்பை நோக்குவோம். வடசீன வழக்கை அடிப்படையாகக் கொண்ட பொதுமொழியில் ஓரசைச் சொல்லொன்று இசைவேற்றுமையாற் பொருள் வேறுபடும். "மா" என்பது சமனாக ஒலிப்பின் தாய்; ஏறி ஒலிப்பின் சணல்; தாழ்ந்தெழுந்து ஒலிப்பின் குதிரை; இறங்கி ஒலிப்பின் வைதல். தமிழில் வல்லெழுத்தை மூச்சு மிகுத்துச் சொல்லினும் பொருள் மாறுவதில்லை. சீனத்திலோ "பாவோ" என்பதை மூச்சு மிகாது சொன்னால் வயிறு நிறைதலையும், மூச்சு மிகுத்துச் சொன்னால் ஓடுதலையும் குறிக்கும். நம்மவர் செவி இவ்வேற்றுமையைத் தானே பற்றுவதில்லை; ஆசிரியர் ஒருவர் எடுத்துக்காட்டித் திருத்தவேண்டும்.

எழுத்தின் நிலை இதனினும் கடியது. 2013ஆம் ஆண்டிலே சீன அரசு வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் 8105 எழுத்துக்கள் உள்ளன. அவற்றுள் அன்றாட வழக்கிற்கு முதன்மையாக வேண்டப்படுவன 3500. தமிழ் பேசத் தெரிந்தவன் நெடுங்கணக்கைக் கற்றவுடன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்குவான். சீனம் பேசப் பழகியவனோ அம்மொழியில் ஒரு கடிதத்தைப் படிக்கவும் மாட்டாதவனாய் நிற்பான். பேச்சைச் சந்தையிலே பெறலாம். எழுத்தைச் சந்தை கற்பிப்பதில்லை.

"நீரில் இறங்காது நீந்தப் பழகலாமோ?" என வினவுவார் உளர். தக்க வினாவே. ஆனால் இறங்கும் நீர் எத்தகையது என்பதையும் நோக்கவேண்டும். உணவுச்சாலையின் பின்கட்டிலே பாத்திரம் கழுவுவோன் நாள் முழுவதும் கேட்பன சில ஏவற் சொற்களே. ஆறு திங்களில் அவற்றை அறிவான். ஆறாண்டு சென்றாலும் அவற்றைக் கடந்து செல்லான். ஆங்கிலம் கற்பிக்கச் செல்வோன் நிலை இன்னும் விந்தையானது. சீனம் பேசாது ஆங்கிலமே பேசுதற்காக அவனுக்குச் சம்பளம் வழங்கப்படுகின்றது. சிங்கப்பூரிலே சீனமும் தமிழும் ஆட்சிமொழிகள். ஆயினும் தமிழ்த் தொழிலாளரோடு வேலை செய்து, அவரோடு உண்டு உறங்குவோன் சீனம் ஒரு சொல்லும் அறியாது பல்லாண்டு வாழ்ந்துவிடலாம். ஆகவே அயல்நாட்டு வாழ்வு மொழியைத் தருவதில்லை. அம்மொழியில் நிகழும் தொழிலே தருவது.

தொழில் செய்துகொண்டே சீனம் கற்றாருக்கு மொறிசன் பாதிரியார் தக்க எடுத்துக்காட்டாவர். 1807ஆம் ஆண்டிலே காண்டன் நகரை அடைந்த அவர், அதற்கு முன்னரே இலண்டனில் ஒரு சீனரிடம் பாடங் கேட்டும், சீனக் கையெழுத்துப் பிரதியொன்றைப் பெயர்த்தெழுதியும் அடிப்படை இட்டுக்கொண்டார். அந்நியர்க்குச் சீனம் கற்பித்தல் அரச ஆணையால் தடுக்கப்பட்டிருந்த காலம் அது. 1809இல் அவர் ஏற்ற தொழில் கிழக்கிந்தியக் கம்பனியின் மொழிபெயர்ப்பு. நாடோறும் சீனத்தைப் படித்தும் எழுதியுமே அவர் ஊதியம் பெற்றார். 1815 முதல் 1823 வரை வெளிவந்த அவருடைய சீன அகராதி அவ்வுழைப்பின் பயன்.

சீனத்திலிருந்து நம் பக்கம் வந்த இத்சிங் என்னும் துறவியும் இவ்வாறே செய்தார். 671ஆம் ஆண்டிலே கப்பலேறிய அவர், நேரே நாளந்தாவுக்குச் செல்லவில்லை. சுமாத்திராவிலிருந்த ஸ்ரீவிஜயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் கற்ற பின்னரே அப்பாற் சென்றார். பின் வரும் துறவியரும் அங்கே ஓரிரண்டாண்டு தங்கிப் பயின்று செல்லுதல் நன்று என எழுதியும் வைத்தார். தொலைவிடத்துக் கல்விக்கு அண்மையிடத்துப் பயிற்சி வாயிலாகும் என்பது அவர் கண்ட நெறி.

இனிச் சட்டநெறியையும் கூறவேண்டும். மாணவருக்குரிய விசாவிற் சென்று அனுமதியின்றி வேலை செய்தல் சீனத்திலே குற்றம். 2013ஆம் ஆண்டு யூலை மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம் அதற்கு 5000 முதல் 20,000 யுவான் வரை தண்டம் விதிக்கின்றது. குற்றம் பெரிதாயின் 5 முதல் 15 நாள் வரை காவலும் உண்டு. ஆங்கில ஆசிரிய வேலைக்கு அங்கே பொதுவாகப் பட்டமும் அனுபவமும் வேண்டப்படுதலின், உயர்தரம் மட்டும் முடித்தவருக்கு அக்கதவு எளிதில் திறவாது. தாய்வானிலே மொழி மாணவர் ஓராண்டு பயின்ற பின்னர் அனுமதி பெற்று, வாரத்திற்கு 20 மணிக்கு மேற்படாது வேலை செய்ய இடமுண்டு. "போனதும் வேலை, அதனோடு படிப்பு" என்று கூறிப் பணம் பறிக்கும் தரகருடைய சொல்லைப் பெற்றோர் நம்பற்க. அவ்வந்நாட்டு அரசின் அறிவித்தலைத் தாமே படித்தறிக.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? செல்லுமுன் ஓராண்டேனும் இங்கிருந்தே பயில்க. களனிப் பல்கலைக்கழகத்திலே சீனம் பயிற்றப்படுகின்றது. சீனத்திலும் சிங்கப்பூரிலும் சுருக்கெழுத்து வடிவமும், தாய்வானிலே பழைய முழுவடிவமும் வழங்குவதால், செல்லுமிடம் எது என்பதை முன்னரே துணிந்து அதற்கேற்ற எழுத்தைக் கற்க. இசைவேறுபாடு நாவிற் படிந்து, சில நூறு எழுத்துக்கள் கைவந்த பின் புறப்படுக. அங்கே முதலாண்டைக் கல்விக்கே ஒதுக்குக. பின்னர்த் தொழிலைத் தேர்க. ஊதியம் சிறிது குறையினும் அம்மொழியைப் பேசவும் எழுதவும் செய்யும் தொழிலே கொள்ளத்தக்கது.

இவையனைத்திற்கும் அடிப்படை தாய்மொழிப் பயிற்சி. 1409ஆம் ஆண்டிலே சீனத் தளபதி செங் ஹோ காலியில் நிறுவுவித்த கல்லிலே சீனமும் தமிழும் பாரசீகமும் பொறிக்கப்பட்டுள்ளன. 1911இல் கண்டெடுக்கப்பட்ட அக்கல் இன்று கொழும்பு அரும்பொருட்சாலையிலே உள்ளது. அதிலே சீனப்பகுதி புத்தரையும் தமிழ்ப்பகுதி தெனவரை நாயனாரையும் முன்னிறுத்துகின்றது. ஒவ்வொரு மொழியும் தத்தம் மக்களுக்கேற்ற நடையில் அமைதற்கு அவ்வம்மொழியை எழுதவல்லோர் வேண்டப்பட்டனர். தமிழிலே பிழையற ஒரு கடிதம் வரைய மாட்டாதவன் எத்துணைச் சீனம் கற்றாலும் மொழிபெயர்ப்பாளன் ஆகான். ஆதலின் சீனம் கற்க விரும்பும் மாணவனை ஆசிரியர் தடுத்தல் வேண்டா. அவனுடைய தமிழைத் திருத்தி, இலக்கணத்தை ஊன்றக் கற்பித்து, வேண்டிய ஆயத்தத்தோடு அனுப்புதலே நம் கடன்.