இந்த வார ஆணி - 11: ஐம்பது நாள் ஓட்டை

மக்களே, ரெண்டு வாரமா ஆளைக் காணோமேன்னு கேட்டிருந்தீங்க. ஆணி ஓவர். இந்தத் தடவை ஆணி என் கால்லயே ஏறிடுச்சு.

இங்கே கனடாவில் எங்க கட்டிடத்து மின்சார மீட்டர்கள் கால் மணிக்கு ஒரு தரம் கணக்கு சொல்லும். அதை வாங்கி வைக்கிற பெட்டி 90 நாளுக்கு மேல் எதையும் ஞாபகம் வைக்காது. அதனால தினமும் ராத்திரி புதுசா வந்த வரிகளை மட்டும் எடுத்து என் போஸ்ட்கிரெஸ் டேபிளில் ஒட்டிக்கொண்டே வந்தேன். இதுக்கு டிபிடி என்கிற டூல். 'இன்கிரிமெண்டல்' என்று சொல்லிவிட்டால் பழசைப் பத்திரமா விட்டுவைக்கும். இப்படி ரெண்டு வருஷம் சேர்ந்திருந்தது. என் தீசிஸே அதுதான்.

மே கடைசியில் சில மீட்டர்களை மாற்றினார்கள். பழசு கிலோவாட்-மணியில் சொல்லும், புதுசு வாட்-மணியில். கூடவே 'அலகு' என்று ஒரு புது காலம். நேரம் காலம் இல்லீங்க, டேபிள் காலம்.

டிபிடிக்கு ஒரு குணம். மூலத்தில் புது காலம் வந்தால், நாமாகச் சொல்லாதவரை கண்டுக்காது, சத்தமும் போடாது. 'ஆன் ஸ்கீமா சேஞ்ச்' என்ற இடத்தில் 'அப்பெண்ட் நியூ காலம்ஸ்' போட்டேன். காலம் வந்தது. ஆனால் பழைய வரிகளில் எல்லாம் நல். அங்கே எந்த ஆப்ஷன் போட்டாலும் பழசை நிரப்பாது.

மணி ராத்திரி ஒன்றரை. முதல்லேர்ந்து ஓட்டிடுவோம்னு ஃபுல் ரெஃப்ரெஷ் தட்டினேன். அது பழைய டேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு மூலத்திலிருந்து புதுசாகக் கட்டும். மூலத்தில் இருப்பதோ 90 நாள். பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று வந்தது. சந்தோஷமா தூங்கப் போயிட்டேன் :-(

காலையில் பார்த்தால் வரைபடம் மார்ச் 1-ல்தான் ஆரம்பிக்குது. கடைசியா நான் எடுத்த பேக்கப் 140 நாள் பழசு. எங்கம்மா ரேஷன் கார்டு ஜெராக்ஸையே மூணு இடத்தில் வைத்திருப்பாங்க. பேக்கப்பையும் பெட்டியில் இருந்ததையும் ஒட்டினால் நடுவில் 50 நாள் ஓட்டை, ஜனவரி 10-லிருந்து பிப்ரவரி கடைசி வரை. கடுங்குளிரில் ஹீட்டர் எவ்வளவு மின்சாரம் குடிக்குது என்பதுதான் என் தலைப்பு. எப்படி இருக்கு!

இதில் பெரிய வயித்தெரிச்சல், பழைய வரிகள் எல்லாமே கிலோவாட்-மணிதான். 'அலகு நல்லா இருந்தால் அதைப் போடு' என்று ஒரே ஒரு அப்டேட் வரி போதும். ('நல்லா' இல்லை, 'நல்'லா!)

புரொபசர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமா இருந்தது. "ஓட்டையை ஓட்டைன்னே எழுது, ஊகிச்சு நிரப்பாதே" என்றார். முந்தின குளிர்காலம் முழுசா இருக்கு. ரெண்டு குளிர்காலத்தை ஒப்பிடுகிற அத்தியாயம் மட்டும் போச்சு.

இப்போ அந்த மாடலில் 'ஃபுல் ரெஃப்ரெஷ்: ஃபால்ஸ்' போட்டாச்சு. அர்த்தராத்திரியில் நானே தட்டினாலும் டிபிடி திருப்பிக் கட்டாது. பெட்டியிலிருந்து வருவதை எதுவும் மாற்றாமல் தனி டேபிளில் சேர்க்கிறேன், மீதி வேலை எல்லாம் அதுக்கு மேல. வாரம் ஒரு பேக்கப், வேற மெஷினில்.

அந்த ரெண்டு மாச கரண்ட் பில்லையாவது தாங்கன்னு கட்டிட ஆபீசுக்கு மெயில் போட்டிருக்கேன். மொத்தக் கணக்காவது தேறும். இன்னும் பதில் இல்லை. வந்தால் அடுத்த வாரம் சொல்றேன். வேற வழி தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, திட்டறவங்களும் வரிசையில் வரலாம் :-)