மைதானத்துக்கு ஒரு நாள் லைசென்ஸ்

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 24-ம் தேதி வெளியே தெரிய வந்த ஒரு கெஜட் அறிவிப்பு, பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பிழைப்பு நடத்தும் தமிழர்களுக்கு மறந்திருக்காது. 1981-ம் ஆண்டின் மதுபான லைசென்ஸ் விதிகளைத் திருத்தி, திருமண மண்டபம், மாநாட்டு அரங்கு, விளையாட்டு மைதானம் ஆகிய இடங்களில் நிகழ்ச்சி நடக்கும் நாளுக்கு மட்டும் மது பரிமாறத் தனி லைசென்ஸ் தரலாம் என்றது அந்த அறிவிப்பு. மாநகராட்சிப் பகுதியில் ஒரு நாள் கட்டணம் 11 ஆயிரம் ரூபாய். எதிர்ப்புக் கிளம்பியதும், சர்வதேசப் போட்டிகள், மாநாடுகள் போன்றவற்றுக்குத்தான் இது, கல்யாண மண்டபங்களுக்கு அல்ல என்று அமைச்சர் செந்தில் பாலாஜி விளக்கினார். மண்டபங்களை நீக்கித் திருத்தமும் வெளியாயிற்று. ஏப்ரல் 26-ம் தேதி சென்னை ஐகோர்ட் இடைக்காலத் தடை விதித்தது.

சர்வதேசப் போட்டிக்காக என்று சொல்லப்பட்ட ஒரு விதி, காகிதத்தில் இறங்கியபோது கல்யாண வீடு வரை நீண்டிருந்தது. தற்காலிக லைசென்ஸ் விஷயத்தில் இதுதான் கவலைக்குரியது.

நிரந்தரக் கடைக்கு ஒரு முகவரி உண்டு. பள்ளியிலிருந்தும் கோயிலிலிருந்தும் இத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. கடை வேண்டாம் என்றால் பெண்கள் அதன் முன்னால் உட்கார்ந்து மறியல் செய்யலாம். கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். ஒரு நாள் லைசென்ஸுக்கு எதிராக யார் மனு எழுதுவது? மனு தபாலில் போய்ச் சேருவதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும். வந்த வேலை முடிந்ததும் மறைந்துவிடுகிற கடை, மறுபடி எந்த ஊரில் தலைகாட்டும் என்பதும் தெரியாது.

கேரளத்திலும் காற்று அதே திசையில்தான் வீசுகிறது. மாதத்தின் முதல் தேதி இங்கே மது விற்பனை இல்லாத நாள். சம்பளம் கையில் விழும் நாளில் அது முழுசாக வீடு போய்ச் சேரட்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. 2025-26-ம் ஆண்டு மதுக் கொள்கையோ, மூன்று நட்சத்திரத்துக்கு மேற்பட்ட ஓட்டல்களில் திருமணம், மாநாடு போன்றவை நடந்தால், கலால் கமிஷனரின் தனி அனுமதியுடன் முதல் தேதியிலும் பரிமாறலாம் என்று கதவைத் திறந்தது. கஞ்சிக்கோடு ஆலைத் தொழிலாளிக்கு முதல் தேதி முதல் தேதிதான். நட்சத்திர ஓட்டலுக்கு மட்டும் அது வேறு தேதி!

உலகப் போட்டிகளுக்கு மது இல்லாமல் முடியாது என்பாரும் உண்டு. 2022 உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்க இரண்டே நாள் இருந்தபோது, மைதானங்களில் பீர் விற்பனை கிடையாது என்று கத்தாரில் அறிவிக்கப்பட்டது. 64 ஆட்டங்களும் நடந்தன. 1980-ல் கிளாஸ்கோ நகரில் கோப்பை இறுதி ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து மோதிக்கொண்டார்கள். அந்த ஆண்டே ஸ்காட்லாந்து கால்பந்து மைதானங்களில் மதுவுக்குத் தடை வந்தது. பிரேசிலின் கதை வேறு. மைதானங்களில் மதுவைத் தடுத்து வைத்திருந்த நாடு அது. 2014 உலகக் கோப்பைக்காக, அந்தப் போட்டிக்கு மட்டும் என்று 2012-ல் தனிச் சட்டம் செய்தது. போட்டி முடிந்தது, கோப்பை ஜெர்மனிக்குப் போயிற்று. ஆனால் அங்கே பல மாநிலங்கள் பின்னர் மைதான விற்பனையைத் தாமாகவே அனுமதித்துவிட்டன.

வெளிப்படையாக விற்காவிட்டால் திருட்டுச் சரக்குப் பெருகும் என்ற வாதத்தையும் அலட்சியம் செய்வதற்கில்லை. வாளையாறு பக்கம் செல்லங்காவு ஆதிவாசிக் குடியிருப்பில் 2020 அக்டோபரில் விஷச் சரக்கு ஐந்து உயிர்களைப் பறித்தது. ஆனால் அந்த ஏழைகள் மைதானத்தில் பீர் கிடைக்காததால் சாகவில்லை. கிரிக்கெட் மாடத்தில் கண்ணாடித் தம்ளருடன் உட்காருகிறவருக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

மூணாறு தேயிலைத் தோட்டங்களின் அணிகள் ஃபின்லே கேடயத்துக்காக மோதும் கால்பந்தாட்டத்தைப் பார்க்க, தமிழ்த் தொழிலாளிகள் திரண்டு வருகிறார்கள். பந்துதான் அவர்களை அங்கே இழுக்கிறது. பாலக்காட்டிலும், கோயில் அறக்கட்டளை நிலத்தில் கிரிக்கெட் மைதானத்துடன் விளையாட்டு வளாகம் அமைக்கும் திட்டத்தை கேரள கிரிக்கெட் சங்கம் 2024 இறுதியில் அறிவித்தது. அத்தகைய மைதானத்துக்குக் கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் கூட்டம் வரும். இரவு ஆட்டம் முடிந்து, குடித்தவர்களும் குடிக்காதவர்களும் ஒரே பஸ்ஸில் வாளையாறு தாண்டியாக வேண்டும்.

எல்லையோரத்தில் கதவை மூட இரு மாநிலங்களுக்கும் நன்றாகத் தெரியும். தேர்தல் வந்தால் வாக்குப் பதிவு முடியும் வரை 48 மணி நேரம் கடை அடைப்பு. பக்கத்து மாநிலத்தில் வாக்குப் பதிவு என்றால் இந்தப் பக்கத்து எல்லைக் கடைகளையும் மூடுவது வழக்கம். வாக்குக்காகச் செய்கிற ஏற்பாட்டை விளையாட்டுக்காகவும் செய்ய முடியாதா?

மைதானங்களுக்கு மது லைசென்ஸ் வேண்டவே வேண்டாம் என்று இரு அரசுகளும் விதியில் எழுதிவிடுவதே நேர்வழி. அதற்கு மனமில்லை என்றால், விண்ணப்பம் வந்த அன்றே அதை நகரசபை, பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்ட வேண்டும். ஆட்சேபணை கூற ஒரு மாத அவகாசம் தர வேண்டும். உள்ளாட்சி மன்றத்தின் சம்மதமில்லாமல் எந்த அதிகாரியும் கையெழுத்திடக் கூடாது. பாலக்காட்டு மைதானம் எழுவதற்கு முன்பே கேரள அரசு இதை முடிவு செய்து அறிவிக்கட்டும்.