சிறுவாடு: யார் உழைப்பு, யார் பணம்?

நம் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. ஆண்கள் அதில் எழுதுவது பல வகை: ரயில்வே, கட்டட வேலை, ஆட்டோ, செக்யூரிட்டி, கம்பெனி. மகளிர் படிவங்களைப் புரட்டினால் பெரும்பாலானவற்றில் ஒரே சொல்தான்: 'இல்லை'. சிலர் கொஞ்சம் மரியாதையாக 'இல்லத்தரசி' என்று எழுதுகிறார்கள். அரசியாம்! கஜானா சாவி கையில் இல்லாத அரசி. மாதம் பிறந்தால் புருஷன் எண்ணிக் கொடுக்கும் பணத்தை வாங்கி, மாதம் முடியும்போது அவனிடமே கணக்கு ஒப்புவிக்க வேண்டிய அரசி.

இந்த 'இல்லை'க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஸ்ரீராமபுரத்திலும் ஒகளிபுரத்திலும் லிங்கராஜபுரத்திலும் போய்ப் பாருங்கள். விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வாசல் வெளிச்சத்தில் ஒரு பழைய மிக்ஸியையோ குழந்தைத் தொட்டிலையோ துடைத்து நிறுத்தி செல்போனில் படம் எடுக்கிறார்கள். மதியத்துக்குள் பத்துப் பேர் விலை கேட்டாயிற்று. மாலையில் ஒருவர் வந்து தூக்கிக்கொண்டு போகிறார். 'சும்மா வீட்டில் இருக்கிற' பெண்ணின் ஒரு நாள் வேலை இது.

பழைய பொருள் வியாபாரம் நமக்குப் புதிதல்ல. பழைய துணிக்குப் பாத்திரம், ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவி வந்தவரிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் நம் தாய்மார்கள். ஊரில் காயலான் கடை, இங்கே குஜரி. சிக்பேட்டைப் பக்கம் ஞாயிறுதோறும் பழைய சாமான் சந்தை கூடுகிறது. ஆனால் அந்தச் சந்தையில் கடை விரிப்பவரும் ஆண், வாங்குபவரும் பெரும்பாலும் ஆண். கைக்குழந்தையோடு ஒரு பெண் அங்கே போய் உட்கார முடியாது. ஓ.எல்.எக்ஸ்., 2008-ல் தொடங்கிய குயிக்கர், அதற்கப்புறம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் வந்து, சந்தையை வாசற்படிக்குக் கொண்டுவந்து வைத்தன. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

இந்த வியாபாரத்துக்கு ஒரு நுட்பம் உண்டு. பெங்களூரில் மாதக் கடைசியில் வீடு காலி செய்யும் கம்பெனிக்காரர்கள் கட்டிலையும் மேஜையையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அடுத்த வாரமே தர்மபுரியிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் புதிதாகக் குடும்பம் வைக்க வரும் பிள்ளைகள் அதே கட்டிலைத் தேடுவார்கள். நடுவில் நிற்கிறாள் நம் பெண். மே, ஜூனில் பள்ளிப் புத்தகம், ஷூ, சைக்கிள். பேரம் பேச இருநூறு ரூபாய் கூட்டி வைக்க வேண்டும். மாடிக்குத் தூக்கும் கூலி யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். லக்கேஜ் ஆட்டோவின் வாடகையைக் கேட்காமல் விலை சொன்னால் லாபம் முழுவதும் ஆட்டோவிலேயே போய்விடும். முன்பின் தெரியாதவர் வந்தால் வீட்டுக்குள் விடாமல் எதிர் மளிகைக் கடை வாசலில் வைத்துக் காட்ட வேண்டும். தன் பெயரில் கணக்கு இல்லாதவள் அந்தக் கடைக்காரர் எண்ணுக்கே பணம் அனுப்பச் சொல்லி, சவுண்ட் பாக்ஸ் 'வந்துவிட்டது' என்று கத்திய பிறகு ரொக்கமாக வாங்கிக்கொள்கிறாள். எந்தக் கல்லூரியிலும் இதைச் சொல்லித் தருவதில்லை. பத்தாவது படித்த எனக்கு இதில் பாதி தெரியாது.

பக்கத்துத் தெரு சகோதரி ஒருவர் தம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். "சிரிக்காதீங்க அண்ணே, கோழி கிறுக்கின மாதிரி இருக்கும்" என்றார். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. எங்கள் புக்கிங் அலுவலகக் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தால் தணிக்கைக்காரருக்கு வேலையே இருக்காது. ஒரு பக்கம்: இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு வாங்கியது 700, ஆட்டோ 120, புது டியூப் 200, விற்றது 1,500, மிச்சம் 480. நான்கு நாள் போன் பேசி, புளி போட்டுத் தேய்த்துச் சம்பாதித்த 480. இன்னொரு பக்கம்: பிள்ளையின் மூன்று சக்கர வண்டி, 2,600-க்கு வாங்கியது, 900-க்கு விற்றது. இதை அவர் லாபத்தில் சேர்க்கவில்லை, 'திரும்பி வந்தது' என்று தனியே எழுதியிருந்தார். இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். விளம்பரக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டு 'வீட்டிலிருந்தே வருமானம்' என்கிறார்கள். சொந்தப் பொருளை விற்பது வருமானமல்ல. போட்ட பணத்தில் ஒரு பங்கு திரும்புகிறது, அவ்வளவே.

அந்த நோட்டில் நான் பார்த்தது தொகையைவிடத் தேதியை. மாதம் 5-ஆம் தேதி விற்ற பொருள், பிள்ளை வளர்ந்துவிட்டதால் விற்றது. 25-ஆம் தேதிக்கு மேல் விற்ற பொருள், கையில் காசில்லாததால் விற்றது. முதலாவது சிக்கனம், இரண்டாவது சம்பளப் பற்றாக்குறை. தோழர்களே, உங்கள் வீட்டில் எந்தத் தேதியில் பொருள் வெளியே போகிறது என்று பாருங்கள். 25-க்கு மேல் போனால் அந்தப் பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டுவதோடு நின்றுவிடக் கூடாது.

இங்கேதான் நம் சங்கத்துக்குள் இருக்கும் இரு தரப்போடும் எனக்குப் பிணக்கு. ஒரு தரப்பு, 'இதெல்லாம் சில்லறை வியாபார புத்தி, தொழிலாளி வர்க்கத்துக்கு ஆகாது' என்று மூக்கைச் சுளிக்கிறது. சம்பளம் யானைப் பசிக்குச் சோளப்பொறியாக இருக்கும்போது அரிசி வாங்க ஒரு பெண் தொட்டிலை விற்றால் அது எந்த வர்க்கத்துக்கு ஆகாது? இன்னொரு தரப்பு மகளிர் தினம் வந்தால் மேடையேறி, சிக்கனத் திலகங்கள் என்று மாலை போடுகிறது. இது முன்னதைவிட ஆபத்து. குடும்பத்தை நடத்தப் போதாத சம்பளம் கொடுக்கும் முதலாளிக்கு, மீதியை வீட்டுப் பெண் தன் உழைப்பால் ஈடுகட்டித் தருகிறாள். அது முதலாளிக்குப் போகும் மானியம். ரயில்வேயில் எங்களுக்குப் பஞ்சப்படியாவது ஏறுகிறது. ஸ்டேஷனைப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஏறும் விலைவாசிக்கு ஏற்ற பஞ்சப்படி அவன் மனைவியின் செல்போனிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

1974-ல் மே 8 முதல் 27 வரை, 20 நாள், ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. தலைவர்களின் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த இருபது நாள் அடுப்பு எப்படி எரிந்தது என்று மூத்த தோழர்களைக் கேட்டால், கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டுச் சொல்வார்கள்: பித்தளை அண்டா சேட்டுக் கடைக்குப் போனது, அரிசிப் பானைக்குள்ளிருந்து முடிச்சு வெளியே வந்தது. அந்த முடிச்சுக்குத் தமிழில் நல்ல பெயர் ஒன்று இருக்கிறது, சிறுவாடு.

சிறுவாடு புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்த பணம் என்று நாம் கேலி பேசுகிறோம். ஏன் தெரியாமல் சேர்க்க வேண்டியிருந்தது என்று கேட்பதில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, கறுப்புப் பணம் வெளியே வந்ததோ இல்லையோ, அஞ்சறைப் பெட்டிப் பணம் முழுவதும் வெளியே வந்துவிட்டது. வங்கிக் கணக்கு இல்லாதவள் புருஷன் கையில் கொடுத்தாள். கொடுத்த பணம் அப்படியே திரும்பி வந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். குவாலியரைச் சேர்ந்த ஒரு குடும்பப் பெண் அப்போது வங்கியில் போட்ட 2,11,500 ரூபாய்க்குக் கணக்குக் கேட்டது வருமான வரித்துறை. வழக்கு நடந்து, 2021 ஜூனில் ஆக்ரா வருமான வரித் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. அந்த நாட்களில் இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரை போட்ட வீட்டுச் சேமிப்பை வருமானமாகக் கருதக் கூடாது என்றது. சிறுவாட்டுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைக்க வழக்கு மன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கம்பெனிகள் சங்கதிக்கு வருவோம். மீஷோ 2015-ல் நம் பெங்களூரில் பிறந்தது. அது பழைய பொருள் அல்ல, புதுத் துணி, புதுப் பாத்திரம். ஆரம்பத்தில் அந்தச் சரக்கை ஊரெங்கும் விற்றவர்கள் யார்? வீட்டுப் பெண்கள், தங்கள் வாட்ஸ்அப்பில், தங்கள் உறவு முறையை முதலாகப் போட்டு. சந்தை பழகியதும் கம்பெனி வாங்குபவரிடம் நேராகவே விற்கத் தொடங்கியது, நடுவில் நின்ற பெண்கள் ஓரம் ஒதுங்கினார்கள். 2025 டிசம்பரில் அதன் பங்குகள் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டன. ஏறிய ஏணிக்குப் பங்கு கொடுக்கும் வழக்கம் உலகில் எங்கேயும் இல்லை. எனவே 'செல்போன் பெண்ணை விடுதலை செய்துவிட்டது' என்று யாராவது மேடையில் பேசினால், செல்போன் யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். சிம் புருஷன் பெயரில், வங்கிக் கணக்கு புருஷன் பெயரில், எச்சரிக்கைச் செய்தி புருஷன் போனுக்கு! விற்றவள் எங்கே?

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வான், பேரமே பேசமாட்டான், ஒரு கியூ.ஆர். படத்தை அனுப்பி 'ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்' என்பான். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். ரகசிய எண்ணை அழுத்தினால் பணம் போகும், வராது. தனி நபர் தனி நபரிடம் பணம் கேட்டு அனுப்பும் முறையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் இந்தப் படம் அனுப்பும் வேலை நிற்கவில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். புருஷன் திட்டுவானே என்று பயந்து ஒரு நாள் மறைத்தால், அந்த ஒரு நாளில் பணம் பல கை மாறிவிடும். திட்டுகிற புருஷனும் திருடனுக்கு உடந்தைதான்.

இன்னொரு பயமும் பரவியிருக்கிறது. 2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவைப் பார்த்து கர்நாடக வணிக வரித்துறை சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரி, காய்கறிக் கடைகளில் கியூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். முதலமைச்சர் தலையிட்டுப் பழைய பாக்கியைக் கைவிடச் செய்தார். அதிலிருந்து நம் பெண்கள், 'போனில் பணம் வந்தால் கிருஹலட்சுமி 2,000 ரூபாய் நின்றுவிடுமாமே' என்று கேட்கிறார்கள். 2023 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வருமான வரி கட்டும் குடும்பமும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் குடும்பமும் சேராது என்பது உண்மை. ஆனால் பொருள் விற்பவர் ஜி.எஸ்.டி.யில் பதிய வேண்டியது ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான். அடுப்பும் தொட்டிலும் விற்று யார் 40 லட்சம் காண்பது? பயம் வேண்டாம். உண்மையான கஷ்டம் வேறு: குடும்ப அட்டையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இங்கே இந்த 2,000 கிடையாது, அங்கே 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 வாங்கவும் நேரில் அலைய வேண்டும். இரண்டு அரசும் பெண்ணுக்குப் பணம் தருகின்றன. எல்லை தாண்டிப் பிழைக்க வந்த பெண் நடுவில் நிற்கிறாள். சங்கம் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

நீதிமன்றங்கள் நம்மைவிட முன்னே போய்விட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். சவூதி அரேபியாவில் சம்பாதித்து அனுப்பிய கணவன், ஊரில் வாங்கிய சொத்து முழுவதும் தன்னுடையது என்றான். வீட்டைக் காத்த மனைவிக்கும் அதில் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். அதற்கு முன் 2010-லேயே உச்ச நீதிமன்றம், வீட்டு வேலை செய்யும் பெண்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து 'உழைக்காதவர்' என்று வகைப்படுத்தியதைக் கண்டித்தது. அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடுவோரில் பெண் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடமும் ஆண் 88 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது. அந்த 88-ம் எனக்கு அதிகமாகத்தான் தெரிகிறது.

இந்த இதழைப் படித்து முடித்ததும் செய்யக்கூடியவை சில உண்டு. மனைவியின் பெயரிலேயே ஒரு சிம், ஒரு வங்கிக் கணக்கு. இங்கே பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தொகையில் பாதி அவள் வளையலாக இருக்கும். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் வேண்டும். இல்லாவிட்டால் காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கப் பிடித்ததுபோக மீதி அவளுக்கு வராது. 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது தாய்மொழி தமிழ் என்று சொல்ல மறக்கமாட்டோம். அதே மூச்சில், வாங்கி விற்கும் பெண் இருக்கும் வீட்டில், அவள் வேலை செய்கிறாள் என்றும் சொல்ல வேண்டும். ஆண்டில் சில மாதங்கள் செய்தாலும் அது கணக்கில் சேரும். வாசலில் நிற்கும் ஊழியரிடம் வீட்டு ஆண் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல், அவளையே பேச விட வேண்டும். சங்கப் படிவத்தின் அந்தக் கட்டத்தைத் திருத்த அடுத்த பொதுக்குழுவில் நான் தீர்மானம் கொண்டுவருகிறேன். மகளிர் உறுப்பினர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வரவும்.