கூப்பிடாதீர்கள், எழுதிப் போடுங்கள்

மதியம் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்ததும்தான் போன் அடிக்கும். சாம்பார்க் கையோடு இடது விரலால் எடுத்தால், "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்." குறுஞ்செய்திக்கு இந்தத் தொல்லை கிடையாது. கை கழுவும்வரை காத்திருக்கும். யோசித்துப் பதில் சொல்லலாம். கோபத்தில் தட்டியதை அனுப்பாமல் அழித்தும் விடலாம். வாயால் கொட்டியதை அள்ள முடியுமா? 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் அனுப்பிய முதல் எஸ்எம்எஸ் வெறும் கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் எழுதினால் 70தான். அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு, 'வணக்கம்' என்றாலே ஏழு போய்விடும். அந்தக் கஞ்சத்தனத்தில் பழகிய தலைமுறை நான். 'saptiya' என்று ஆங்கில எழுத்தில் தட்டியே காலத்தை ஓட்டினோம். வாட்ஸ்அப் வந்து அளவுக் கவலையை ஒழித்தது. பிறகு நீல டிக்கையும் தந்தது. பார்த்துவிட்டுப் பதில் போடாதவன் திமிர் பிடித்தவனாகிவிட்டான். எழுதிப் போடுங்கள் என்ற என் கொள்கைக்கு அத்தை மட்டும் விதிவிலக்கு. அவருக்கு எழுத்துக்கூட்டித் தட்டப் பொறுமையில்லை. அவர் அனுப்பும் நாலு நிமிட ஆடியோவில் பின்னணியில் குக்கர் விசில் கேட்கும், அதை எந்த எழுத்தும் தராது. மற்றவர்களிடம் ஒரே வேண்டுகோள்: சாவு, ஆஸ்பத்திரி என்றால் நடுராத்திரியிலும் கூப்பிடுங்கள். மற்றதையெல்லாம் எழுதிப் போடுங்கள். 'ஹாய்' என்று மட்டும் போட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காமல், விஷயத்தையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.