சங்கிலி ஜின்னுக்கா, மனிதனுக்கா?

1967-இல் வெளிவந்த ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் ஜாவர் சீதாராமன் ஜீபூம்பாவாக வந்து நின்றார். அராபியக் கதைகளின் ஜின், தமிழில் பூதமாகிக் கைகட்டி ஏவல் செய்த வேடிக்கை அது. கற்பனை என்று தெரிந்தே மக்கள் கண்டு சிரித்தனர். அதனால் எவருக்கும் கேடில்லை.

கேடு விளைப்பது, மார்க்கத்தின் பெயரால் நம் தெருக்களில் விலைபோகும் கற்பனை. மேலப்பாளையத்தில் நாம் அறிந்த ஒரு வீட்டில், தலைப்பிள்ளை பெற்ற பெண்ணொருத்தி உறக்கமிழந்து, குழந்தையை ஏறிட்டும் பாராமல் சுவரோடு பேசலானாள். “ஜின் இறங்கியிருக்கிறது, மூன்று வியாழன் ஓத வேண்டும்” என்றார் வந்தவர். மூன்று முப்பதாயிற்று. காதுத் தோடும் போயிற்று. ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை பக்கத்திலேதான் இருக்கிறது. அங்கே போய்ச் சேர எட்டு மாதம் பிடித்தது!

ஜின் என்றொரு படைப்பு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. திருமறையில் அப்பெயரால் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஆனால் அது காட்டும் ஜின் யார்? நெருப்பிலிருந்து படைக்கப்பட்டு, இறைவனை வணங்கவும் கேள்விகணக்குக்கு ஆளாகவும் கடமைப்பட்ட இனம். எட்டயபுரத்து உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் ‘ஜின்கள் ஈமான் கொண்ட படலம்’ என்றே தனிப்படலம் வைத்தார். தாயிபில் கல்லடி பட்ட நபிகள் நாயகம் (ஸல்) திரும்பும் வழியில் திருமறை ஓத, மனிதர் மறுத்ததை ஜின்கள் செவிமடுத்து ஏற்றன என்பதன்றோ வரலாறு! அத்தகைய இனத்தைத் தகட்டில் அடைத்துக் காசு பண்ணலாம் என்பவர் எந்தக் கிதாபில் ஓதினாரோ, அறியோம்.

மை போட்டு ஜின்னிடம் மறைவானதைக் கேட்டுச் சொல்கிறாராம்! சுலைமான் நபி (அலை) கைத்தடியில் சாய்ந்தபடியே வஃபாத்தானார். அதையறியாமல் ஜின்கள் ஏவிய வேலையைச் செய்துகொண்டேயிருந்தன. செல்லரித்துத் தடி முறிந்து உடல் சாய்ந்தபோதுதான் அவற்றுக்கு விளங்கிற்று. கண்ணெதிரே நின்ற மரணத்தை அறியாத ஜின்னா, களவு போன உங்கள் வீட்டுச் சங்கிலி இருக்குமிடத்தைச் சொல்லப் போகிறது?

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். ‘மஜ்னூன்’ என்ற சொல் ஜின் என்ற சொல்லின் வேரிலிருந்தே பிறந்தது. நாயகத்தை அச்சொல்லால் ஏசியவர்கள் மக்கத்துக் குறைஷியர். அந்தப் பழியை மறுத்தது திருமறை. அன்று குறைஷியர் வீசிய சொல்லை இன்று நாம் நம் வீட்டு நோயாளிமீது வீசுகிறோம்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில், ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகையில் தீப்பற்றிற்று. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. மாண்டோர் 28 பேர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது எனத் தடுத்துவிட்டது. சட்டம் சொல்லும்வரை நம் ஆலிம்கள் ஏன் காத்திருந்தார்கள்?

“ஓதுவது குற்றமா?” என்று சிலர் சீறுவர். தாய் தன் பிள்ளையின் தலைமாட்டில் அமர்ந்து ஓதட்டும், நாமும் ஓதுவோம். அதற்குக் கட்டணம் வாங்குவதையும், மருந்தை நிறுத்தச் சொல்வதையும், காலில் விலங்கு பூட்டுவதையுமே கண்டிக்கிறோம். நோய் கண்டவரை முதலில் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள் என்று வரும் ஜும்ஆவிலேயே மிம்பரில் நின்று சொல்லும்படி ஜமாஅத்தார் தம் இமாமைக் கேட்கட்டும்.